மூணாவது பரிசிலிருந்து ஆரம்பித்தவர்

ஃப்ரெஷர்ஸ் டே நிகழ்ச்சியில் நீங்க ஒரு தடவையாவது உட்கார்ந்திருப்பீங்க. மிஸ்டர் ஃப்ரெஷர், மிஸ் ஃப்ரெஷர் முடிவு சொல்லும் நேரத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஆங்கர் நேரா போய் ஜெயிச்சவங்க பெயரைச் சொல்லவே மாட்டார். முதலில் மூணாவது இடம். அப்புறம் ரெண்டாவது. பிறகு ஒரு நீளமான இடைவெளி, டிரம்ஸ் சத்தம், பின் பெஞ்ச் விசில். கடைசியாகத்தான் முதல் பரிசு.

செகண்ட் இயரில் அந்த மைக் என் கையில் இருந்தது. ஜட்ஜுகளுக்கான மார்க் ஷீட்டையும் நான்தான் எக்செல்லில் போட்டேன். நடை 20, உடை 20, தன்னம்பிக்கை 20, திறமை 20, கம்யூனிகேஷன் 20. இந்த அஞ்சு காலத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டீ குடிச்சிக்கிட்டே பத்து நிமிஷத்தில் முடிவு செய்தது.

அந்த வருஷம் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பொண்ணு மேடை ஏறினாள். எங்க அனந்தபுரத்திலிருந்து ரொம்ப தூரம் இல்லாத ஊர். கேள்விச் சுற்றில் தமிழில் பதில் சொன்னாள். அன்னைக்கு மேடையில் சொல்லப்பட்டதிலேயே யோசிச்சு சொன்ன பதில் அதுதான். ஆனா கம்யூனிகேஷன் காலத்தில் மூணு ஜட்ஜும் அஞ்சுக்கு மேல போடவில்லை. கம்யூனிகேஷன்னா இங்கிலீஷ்னு நான் எங்கேயும் எழுதலை. எழுதாமலே எல்லாருக்கும் அப்படித்தான் புரிஞ்சிருக்கு, எனக்கும் சேர்த்துத்தான். அதுக்கப்புறம் நாலு வருஷத்தில் எந்த மேடையிலும் அவளை நான் பார்க்கவில்லை.

அப்போதிலிருந்து ஒரு கேள்வி மனசில் இருந்தது. இந்த மாதிரிப் போட்டிக்கெல்லாம் காலம் போட்ட முதல் ஆள் யார்? தேடிப் போனதில் சிக்கியவர்தான் எரிக் மோர்லி. ஐஸ்வர்யா ராய் பெயர் உங்க பாட்டிக்குக் கூடத் தெரியும். அந்தக் கிரீடத்துக்குச் சொந்தக்காரரான இந்த மனுஷன் பெயர் உங்களில் பத்து பேருக்குக் கூடத் தெரிஞ்சிருக்காது.

எரிக் டக்ளஸ் மோர்லி 1918 செப்டம்பர் 26 அன்று லண்டனில் பிறந்தார். வசதியான வீடு என்று நினைச்சிடாதீங்க. குடும்பத்தைக் காசநோய் தின்றது. பதினோரு வயதில் அவர் அனாதை. ஊர் நிர்வாகம் பையனைக் கடற்படைப் பயிற்சிக் கப்பல் ஒன்றில் கொண்டு போய் விட்டது. பதினாலு வயதில் ராணுவப் படைப்பிரிவு ஒன்றின் பேண்ட் குழுவில் சேர்ந்து ஃபிரெஞ்ச் ஹார்ன் வாசித்தார். நம்மில் பலர் அந்த வயசில் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கே காய்ச்சல் வந்தவங்க. இரண்டாம் உலகப் போரில் டன்கர்க் வரை போய்த் திரும்பினார். படையை விட்டு வரும்போது கேப்டன்.

வரிசையா நிக்க வைப்பது, நேரத்துக்கு நடத்துவது, உத்தரவு போடுவது. இந்த மூணும் கப்பலிலும் பட்டாளத்திலும் அவருக்கு ஊறிப்போனவை என்பது என் அபிப்பிராயம். பின்னாடி அவர் நடத்திய போட்டிகளைப் பார்த்தா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

1946-இல் மெக்கா என்ற கம்பெனியில் விளம்பர வேலைக்குச் சேர்ந்தார். பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது நடன அரங்குகள் நடத்தும் கம்பெனி. போர் முடிஞ்ச பிரிட்டனில் ரேஷன் இன்னும் தீரவில்லை. ஜனங்களுக்குக் கையில் காசு கம்மி, சனிக்கிழமை ராத்திரி ஆட மட்டும் ஆசை. அந்த ஆசையை மோர்லி சரியாகப் பிடித்தார். கம் டான்சிங் என்ற பிபிசி நிகழ்ச்சி அவர் யோசனையில் வந்தது. நம்ம ஊர் ஹிந்தி சேனலில் வரும் ஜலக் திக்லா ஜா அதோட பேரப்பிள்ளை மாதிரி. பின்னாளில் சட்டம் மாறினதும் பிரிட்டன் முழுக்க பிங்கோ ஆட்டத்தைப் பரப்பியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நாம கல்யாண வீட்டில் ஆடும் தம்போலாவேதான். கம்பெனியின் நடன அரங்குகள் பல பிங்கோ அரங்காக மாறின. கூட்டம் எதுக்கு வரும்னு மோப்பம் பிடிக்கிற மூக்கு அது.

இப்போ 1951-க்கு வருவோம். அந்த வருஷம் பிரிட்டன் அரசு நாடு தழுவிய ஒரு பெரிய விழா நடத்தியது. போரில் அடிபட்ட நாடு மறுபடி எழுந்து நிக்குதுன்னு காட்டுவதற்காக. விழாவோடு ஒட்டி மெக்கா ஏதாவது செய்யணும், செய்தித்தாளில் பெயர் வரணும். மோர்லி யோசித்தது ஒரு பிகினிப் போட்டி. பிகினி என்ற உடைக்கு அப்போது அஞ்சு வயசுதான். 1946-இல் ஒரு பிரெஞ்சுக்காரர் அறிமுகப்படுத்தி, அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்திய தீவின் பெயரை அதுக்கு வைத்திருந்தார். லண்டனில் லைசியம் என்ற அரங்கில் போட்டி நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன் பெண்கள்தான், வெளிநாட்டிலிருந்து சிலரே. ஆனா பத்திரிகைகள் அதுக்கு மிஸ் வேர்ல்டுன்னு பெயர் வைத்துவிட்டன. ஜெயித்தவர் ஸ்வீடனின் கிக்கி ஹோகன்சன். பரிசு 1000 பவுண்டு.

அவர் பிகினியில் கிரீடம் சூடியதற்கு வாடிகன் வரை கண்டனம் கிளம்பியது. சில நாடுகள் இனிமே ஆளே அனுப்ப மாட்டோம் என்றன. மோர்லி என்ன செய்தார் தெரியுமா? வாதாடவே இல்லை. அடுத்த வருஷத்திலிருந்து பிகினியைத் தூக்கிவிட்டு முழு நீச்சலுடை என்று விதியை மாத்தினார். விளம்பரம் கிடைச்சாச்சு, எதிர்ப்பும் அடங்கியாச்சு. கொள்கைன்னு அவருக்கு ஒன்று இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். விதி இருந்தது. விதியை எப்போ மாத்தணும்ங்கிற கணக்கும் இருந்தது.

ஒரே ஒரு தடவை நடத்த நினைச்சதை வருஷா வருஷம் நடத்த வைத்தது போட்டி. அமெரிக்காவில் மிஸ் யுனிவர்ஸ் என்று ஒன்று 1952-இல் தொடங்கப் போவது தெரிந்ததும் விட மனசு வரவில்லை. அந்த மிஸ் யுனிவர்ஸ் பிறந்த கதை இன்னும் வேடிக்கை. மிஸ் அமெரிக்கா ஜெயித்த யோலாண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில் ஊர் ஊராகப் போய் போஸ் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கோபப்பட்ட நீச்சலுடைக் கம்பெனி தனியாக ஒரு போட்டியே ஆரம்பித்துவிட்டது. அதன் முதல் வருஷமே இந்தியா சார்பில் போனவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியக் கலைஞர், கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது. இன்றைக்கு இதைச் சொன்னா நம்ப மாட்டாங்க.

மிஸ் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா அங்கேயும் மோர்லி மாதிரி ஒரு ஆள் இருந்தார். லெனோரா ஸ்லாட்டர். 1935-இலிருந்து 1967 வரை அந்தப் போட்டி அவர் கையில். திறமைச் சுற்று, படிப்புக்கான உதவித்தொகை என்று நல்ல விஷயங்களைக் கொண்டு வந்தவர். அதே ஆள் காலத்தில்தான் போட்டியாளர் வெள்ளை இனத்தவராக இருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 1945-இல் யூதப் பெண்ணான பெஸ் மையர்சனைப் பெயரை மாத்திக்கச் சொல்லிக் கேட்டார். மையர்சன் மறுத்தார், அதே பெயரோடு ஜெயித்தார். மார்க் ஷீட்டில் இல்லாத காலங்கள்தான் பல நேரம் முடிவு பண்ணுதுன்னு எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

திரும்ப மோர்லிக்கு. 1959-இல் பிபிசி போட்டியை ஒளிபரப்ப ஆரம்பித்தது. மேடையில் நின்று முடிவை அறிவிப்பவர் மோர்லியேதான். கடைசி இடத்திலிருந்து மேலே போவது அவர் பாணி. மூணு, ரெண்டு, அப்புறம் ஒன்று. அவர் அதைச் சொல்லும் விதத்தைப் பிரிட்டன் முழுக்க மிமிக்ரி செய்தார்கள். நம்ம ஆங்கர்கள் பெயர் தெரியாமலே இன்னைக்கும் காப்பியடிப்பது அவரைத்தான். 1960-இல் ஜூலியா என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பின்னாடி போட்டியை அவரும் சேர்ந்து நடத்தினார்.

1966. இந்த வருஷத்தைக் கொஞ்சம் நிதானமா படிங்க. மும்பை கிராண்ட் மெடிக்கல் காலேஜில் படித்துக்கொண்டிருந்த ரீட்டா ஃபாரியா லண்டனுக்குப் போனார். அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்த காலம். கையில் மூணு பவுண்டு. உடைகள் கடன் வாங்கியவை. ஜெயித்தார். உலக அழகி ஆன முதல் ஆசியப் பெண் அவர்தான். அடுத்த மாதமே பாப் ஹோப் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகரோடு வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரைப் பார்க்க அவரைக் கூட்டிப் போனார்கள். இந்தியாவில் கண்டனம் எழுந்தது. ஜெயித்தவர் ஒரு வருஷம் போட்டி நடத்துபவர்களின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர், ஞாபகம் வச்சுக்கோங்க. வருஷம் முடிந்ததும் ஃபாரியா மாடலிங், சினிமா எல்லாத்தையும் உதறிவிட்டுப் படிப்புக்குத் திரும்பி டாக்டரானார். மோர்லியின் மொத்தக் கதையிலும் எனக்குப் பிடிச்ச ஆள் இவர்தான்.

ஒப்பந்தத்தின் கெடுபிடி தெரியணும்னா 1970-களைப் பாருங்க. 1973-இல் ஜெயித்த அமெரிக்கப் பெண் மார்ஜரி வாலஸ் காதல் விவகாரங்கள் பத்திரிகையில் வந்ததற்காக 104 நாளில் நீக்கப்பட்டார். அடுத்த வருஷம் ஜெயித்த ஹெலன் மார்கன் கல்யாணமாகாமல் ஒரு குழந்தைக்குத் தாய் என்று செய்தி வந்து, நாலே நாளில் விலகினார். ஆண்கள் உட்கார்ந்து நிகழ்ச்சியை நடத்தினாங்க, அவங்க யாருடைய காதலையும் யாரும் கேட்கவில்லை.

1970 நவம்பர் 20, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். முதல் நாள் ராத்திரியே பிபிசி வண்டி ஒன்றின் அடியில் குண்டு வெடித்திருந்தது. நிகழ்ச்சியைத் தொகுக்க வந்தவர் அதே பாப் ஹோப். அவர் பேசிக்கொண்டிருந்தபோது, டிக்கெட் வாங்கி நல்ல உடையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து மாவுப் பொட்டலங்களை வீசினார்கள், கிலுகிலுப்பையை ஆட்டினார்கள், துண்டுப் பிரசுரங்களைப் பறக்கவிட்டார்கள். பெண்களை மாட்டுச் சந்தை மாதிரி நிறுத்தி விலை போடாதே என்பது அவங்க வாதம். ஹோப் மேடையை விட்டு ஓட்டம். நேரடி ஒளிபரப்பில் மொத்த நாடும் பார்த்தது. 2020-இல் மிஸ்பிஹேவியர் என்று இதைப் படமாகவும் எடுத்திருக்காங்க, மோர்லி வேஷத்தில் ரீஸ் இஃபன்ஸ்.

மாவு வீச்சைப் பற்றி எல்லாரும் பேசுவாங்க. அதே ராத்திரி நடந்த இன்னொரு விஷயம்தான் என்னை உட்கார வைத்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த காலம். வெள்ளைக்காரப் பெண்ணை மட்டும் அனுப்புவதற்கு எதிர்ப்பு வந்ததால் மோர்லி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். அந்த நாட்டிலிருந்து இரண்டு பேர். வெள்ளைப் பெண்ணுக்கு மிஸ் சவுத் ஆப்பிரிக்கா பட்டை. பேர்ல் ஜான்சன் என்ற கருநிறப் பெண்ணுக்கு வார்த்தையை மாத்திப் போட்டு மிஸ் ஆப்பிரிக்கா சவுத். பிகினிக்குச் செய்த அதே வேலைதான், விதியைக் கொஞ்சம் வளைத்தா போதும். முடிவு வந்தபோது அந்த பேர்ல் ஜான்சன் இரண்டாம் இடம். முதல் இடம் கிரெனடா தீவின் ஜெனிபர் ஹோஸ்டன், பட்டம் வென்ற முதல் கருப்பினப் பெண்.

கிரெனடாவின் பிரீமியர் எரிக் கெய்ரி நடுவர்களில் ஒருவர். சும்மா விடுவாங்களா? முதல் இடத்துக்கு அதிக ஓட்டு வாங்கியது ஸ்வீடன் பெண் என்ற செய்தியும் கசிந்தது. பத்திரிகைகள் கொதித்தன, ஜூலியா பதவி விலகினார். அப்போது மோர்லி நடுவர்களின் மார்க் அட்டைகளைப் பொதுவில் எடுத்து வைத்தார். முதல் இட ஓட்டை மட்டும் எண்ணுவதில்லை, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சாம் இடங்களையும் சேர்த்துப் பெரும்பான்மை பார்க்கும் முறை இது, அந்தக் கணக்கில் ஹோஸ்டன்தான் முன்னால் என்று விளக்கினார். ஜூலியா திரும்பி வந்தார்.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது புரியும். அதே டேட்டா, ஃபார்முலாவை மாத்தினா வேற ரிசல்ட். ஹோஸ்டன் ஜெயித்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஃபார்முலா ஒருத்தர் கையில் இருந்தது. அந்த ஒருத்தரிடம் ஒரு நல்ல குணமும் இருந்தது, அட்டையை எடுத்துக் காட்டினார். நான் என் எக்செல் ஷீட்டை யாருக்கும் காட்டவில்லை. ஃப்ரெஷர்ஸ் டே முடிஞ்ச அன்னைக்கே டெலீட்.

அரசியலிலும் அவருக்கு ஆசை இருந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் லண்டன் டல்விச் தொகுதியில் நின்றார். 1979-இல் 122 ஓட்டில் தோற்றார். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ரேங்க் போட்ட மனுஷன் தனக்குக் கிடைத்த ரெண்டாம் இடத்தை எப்படி எடுத்துக்கிட்டார்னு தெரிஞ்சுக்க எனக்கு ரொம்ப ஆசை.

எண்பதுகளில் பிரிட்டனில் ரசனை மாறியது, டிவி சேனல்கள் கைகழுவின. கூட்டம் எங்கேன்னு மோப்பம் பிடித்து அவர் வெளிநாடுகளுக்கு நகர்ந்தார். ஹாங்காங், தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டி. 1994-இல் ஐஸ்வர்யா ராய் ஜெயித்தது சன் சிட்டியில்தான். தாராளமயமாக்கல் தொடங்கி மூணு வருஷம். சோப்பு, ஷாம்பு, கிரீம் விற்க வந்த கம்பெனிகளுக்கு இந்தியா பெரிய சந்தை. 1996-இல் போட்டியே பெங்களூருக்கு வந்தது. நடத்தும் பொறுப்பு அமிதாப் பச்சனின் ஏபிசிஎல் கம்பெனிக்கு.

பெங்களூர் கொந்தளித்தது. இடதுசாரி மாதர் அமைப்புகள் ஒரு பக்கம், பண்பாடு கெடுதுன்னு சொன்னவங்க இன்னொரு பக்கம், விவசாயச் சங்கம் வேறொரு பக்கம். காரணம் ஆளுக்கு ஒன்று. தீக்குளிப்போம் என்று சில பெண்கள் மிரட்டினார்கள். நம்ம மதுரையில் ஓர் இளைஞர் நிஜமாகவே தீக்குளித்து இறந்தார். 24 வயசு. ஒரு அழகிப் போட்டிக்காக நம்ம வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான்னு படிச்சப்போ லேப்டாப்பை மூடிட்டு வெளியே போயிட்டேன். மோர்லி தரப்பு என்ன செய்தது? நீச்சலுடைச் சுற்றை மட்டும் சீஷெல்ஸ் தீவுக்கு மாத்தியது. 1952-இல் செய்த அதே வேலை. நவம்பர் 23 அன்று சின்னசாமி ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கான போலீஸ் காவலுக்கு நடுவில் இறுதிச் சுற்று முடிந்தது, கிரீஸ் நாட்டுப் பெண் ஜெயித்தார். ஏபிசிஎல் கடனில் மூழ்கியது.

பண்பாடுன்னு சொன்னவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். எங்க ஊர்ப் பக்கம் வந்தா பனமலைக்குப் போயிட்டு வாங்க. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் 1300 வருஷத்துக்கு முந்தைய ஓவியம் ஒன்று இருக்கிறது. சிவன் ஆடுவதைச் சாய்ந்து நின்று பார்க்கும் பார்வதி. பாதி உதிர்ந்துவிட்டது. தலையில் கிரீடம், மேலே குடை. அழகைப் பார்க்க நம்ம ஆளுங்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை. அந்த அம்மாவுக்கு யாரும் மார்க் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மோர்லி 2000 நவம்பர் 9 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 82. அந்த வருஷப் போட்டிக்கு மூணு வாரம்தான் பாக்கி. ஜூலியா நிகழ்ச்சியைத் தள்ளிப்போடவில்லை. நவம்பர் 30, லண்டன் மில்லேனியம் டோம். அவர் ஆரம்பித்த ஊரிலேயே, அவர் இல்லாமல். ஜெயித்தவர் பதினெட்டு வயது பிரியங்கா சோப்ரா. வாழ்ந்துகொண்டிருக்கும் பெண்களில் வெற்றிகரமானவர் யார் என்ற கேள்விக்கு, மூணு வருஷம் முன்னாடியே இறந்துபோன அன்னை தெரசாவைச் சொல்லியும் ஜெயித்தார். கம்யூனிகேஷன் காலத்தில் அவருக்கு எத்தனை விழுந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

போன சித்திரையில் விழுப்புரம் போயிருந்தேன். கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு முன்னாடி திருநங்கைகளுக்கான மிஸ் கூவாகம் போட்டி வருஷா வருஷம் அங்கே நடக்கும். சின்ன வயசிலிருந்து பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் பார்த்திருக்கேன், உள்ளே போனதில்லை. இந்தத் தடவை கூட்டத்தில் நின்னு பார்த்தேன். நடை, உடை, அப்புறம் கேள்விச் சுற்று. கேள்வியும் தமிழ், பதிலும் தமிழ். படிப்பு, வேலை, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஒருத்தர் பதில் சொல்லி முடிச்சதும் எனக்குப் பக்கத்தில் நின்ன அம்மா முந்தானையால் கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க.

முடிவு சொல்ல மைக்கைப் பிடித்தவர் முதலில் மூணாவது இடத்தைச் சொன்னார். அப்புறம் ரெண்டாவது. அப்புறம் நிறுத்தினார்.